கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

கரண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடை பளபளவென்று இருக்கிறதா, கடைக்காரர் சிரித்த முகமாக இருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் தனித்தனிக் கரண்டி கிடந்தால் உள்ளே போய் நாலு வார்த்தை பேசலாம். ஒரே கரண்டி எல்லா டப்பாவுக்கும் போய் வந்துகொண்டிருந்தால் வாயைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும். கரண்டிக்கு அடுத்து சல்லடை. சல்லடைக்கு அடுத்து தரை. இத்தனையும் எனக்குத் தெரியும். இத்தனையும் பார்த்தேன். அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இல்லை, பொய். கவனித்தேன். வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் விட்டேன்.

"இன்னொரு தடவை படிக்கட்டுமா?" என்று கேட்டார் செயலாளர்.

"வேண்டாம். காதுல விழுந்துச்சு" என்றாள் அவள்.

விழவில்லை. கரண்டி, சல்லடை, தரை என்று மனதுக்குள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அவள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீப்பாய்மேல் ஒரு தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. நீளமான சோபாவில் பெற்றோர் சங்கத்தின் செயலாளர். மருந்துக் கடை நடத்துகிறவர். பேச்சையும் மாத்திரை மாதிரி எண்ணித்தான் கொடுப்பார். அவருக்குப் பக்கத்தில், சோபாவின் நுனியில், சிட்டுவின் அம்மா. எதிரே அவளும் அவள் கணவனும். பன்னிரண்டு வயது மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

தாளில் மூன்றே வரிகள் இருந்தன. மேற்படி கடையின் உரிமையாளர் தன்னுடைய அரவை இயந்திரத்தில் வேர்க்கடலை அரைப்பதே இல்லை என்று என்னிடம் நேரில் உறுதி கூறினார். அதை நம்பியே அந்தக் கடையை எங்கள் பட்டியலில் சேர்த்தேன். இது உண்மை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்துக்காக ஒரு கோடு.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. கடைக்காரர் ஒன்பது நாளாகக் காவலில் இருந்தார். கடைக்குச் சீல் வைத்தாயிற்று. சிட்டு இறந்து பத்து நாள்.

"ஒரு கையெழுத்துதான்" என்றார் செயலாளர். "நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவள் தாளைப் பார்த்தாள். முதல் வரியில் இருந்தது நடக்கவே இல்லை.

*

மகளுக்கு வேர்க்கடலை ஆகாது என்று நாலு வயதில் தெரிந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்த ஒரு பிஸ்கட். கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து, குழந்தை மூச்சுக்குத் திணறினாள். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒரே விஷயம்: வேர்க்கடலை இவள் பக்கமே வரக் கூடாது, அதன் தூசுகூட. கேட்க எளிதாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. வேர்க்கடலை எங்கே இருக்கிறது என்று தேடுவது வேறு. எங்கே இல்லை என்று தேடுவது வேறு.

மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது, இந்தத் தொழிற்சாலையில் வேர்க்கடலையும் கையாளப்படுகிறது என்று. மசாலாப் பொடியில் இருந்தது. ரொட்டியில் இருந்தது. அந்த எழுத்துக்காகவே முப்பத்தைந்து வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டாள். பெரிய அங்காடிகளை விட்டுவிட்டு, கண்ணெதிரே நிறுத்துத் தருகிற சின்னக் கடைகளைத் தேட ஆரம்பித்தாள். தெருத் தெருவாக, பஸ் பஸ்ஸாக. ஒரு கடைக்குள் நுழைந்தால் சாமான் வாங்க அரை மணி, கேள்வி கேட்க ஒரு மணி. இதை எங்கே அரைக்கிறீர்கள், இந்தச் சாக்கில் முன்னால் என்ன இருந்தது, இந்த அலமாரியில் மேல் தட்டில் இருப்பது கீழே கொட்டுமா.

"மாவு வாங்க வந்தீங்களா, பொண்ணு குடுக்க வந்தீங்களா? இவ்வளவு விசாரிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் பதில் வராது.

"கடலை திங்காத பிள்ளையா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கடலையைத் தவிர வேற எதையும் திங்காது. ரெண்டையும் மாத்திக்கலாமா?" என்றார் இன்னொருவர்.

ஒரு கடையில் அவள் தலை தெரிந்ததுமே, "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு, எல்லாத்தையும் மூடுங்கடா" என்று குரல் வரும். பெயர் பரவி அவள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கணவன் கோபம் இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்லூரியில் படித்தது பாதியில் நின்றுபோய், பார்த்த சின்ன வேலையும் மகளுக்காக விட்டுப்போன பிறகு, அவளுக்கென்று ஒரு அறிவு இருந்தது என்றால் இதுதான். எந்தத் தெருவில் எந்தக் கடையில் எந்தச் சாமான் சுத்தம் என்று அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நோட்டில் எழுதி வைத்தாள். அதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தபோது அந்த நோட்டே சங்கத்தின் சொத்தாகிவிட்டது. அறுபத்து மூன்று குடும்பங்கள். செயலாளர் அதை அச்சடித்து அட்டை போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மூன்று பிரிவுகள். கிட்டே போகாதீர்கள். கேட்டு வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மூன்றாவது பிரிவு அவள் யோசனை. கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குத் தெரியும். ஒரு கடைக்குள் எல்லோரையும் போல நுழைந்து, எல்லோரையும் போல இரண்டு கிலோ என்று சொல்லி, எல்லோரையும் போல வெளியே வருவது. அந்தப் பிரிவின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: இங்கே எதுவும் கேட்கத் தேவையில்லை, நான் கேட்டாயிற்று.

அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு அம்மா போனில் அழுதாள். சிட்டுவின் அம்மா இல்லை, வேறு ஒருத்தி. அன்றைக்கு முழுவதும் இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

*

தராசு அண்ணனின் கடை காய்கறிச் சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் இருந்தது. எல்லோரும் மின்தராசுக்கு மாறிய பிறகும் அவர் இரண்டு பித்தளைத் தட்டுகளை விடவில்லை. அதனால்தான் அந்தப் பெயர். முன்பக்கம் தானியக் கடை, பின்னறையில் அரவை இயந்திரம். தானியத்தை அவரிடமே வாங்கி அங்கேயே அரைத்துக்கொண்டு போகலாம்.

முதல் நாள் அவள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். சுவர் ஓரம் ஒரு சாக்கு. வாய் திறந்திருந்தது. உள்ளே வேர்க்கடலை.

"இதுவும் இந்த மிஷின்லதான் அரைப்பீங்களா அண்ணே?"

"பொய் சொல்லக் கூடாதும்மா. இதுலதான் அரைக்கிறேன். வாரத்துல நாலஞ்சு பேரு கொண்டுவருவாங்க."

ஒரு அரவைக்கும் அடுத்த அரவைக்கும் நடுவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அடுத்த தானியத்தில் இரண்டு கைப்பிடி போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியாகத் தள்ளிவிட்டு அப்புறம்தான் மீதியைப் போடுவதாகச் சொன்னார். எல்லா மில்லிலும் அப்படித்தான். ருசி கலக்காமல் இருக்க அது போதும். அவள் மகள் உயிருக்குப் போதாது. அதைச் சொல்லிவிட்டு, பையை மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"நில்லுங்கம்மா" என்றார் அவர். "உங்களுக்குன்னா ஒண்ணு செய்யலாம். திங்கக்கிழமை கடை சாத்தறப்ப மிஷினைப் பிரிச்சுக் கழுவி வச்சிடறேன். செவ்வாய்க்கிழமை காலைல முதல் அரவை உங்களுது. அதுக்கு முன்னாடி ஒரு பொட்டுகூட உள்ள போகாது."

"எதுக்குண்ணே உங்களுக்கு இவ்வளவு சிரமம்?"

"பிள்ளை சாப்பிடணும்ல" என்றார்.

மூன்று வருடம். ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை. அவள் போகும்போது இயந்திரத்தின் வாய் ஈரம் காய்ந்து பளிச்சென்று இருக்கும். சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார். "பாத்துக்குங்க இன்ஸ்பெக்டரம்மா. அப்புறம் குத்தம் சொல்லக் கூடாது." அவள் பார்ப்பாள். முதல் மாவு வெதுவெதுப்பாகப் பையில் விழும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு சந்தில் நடந்து வரும் பத்து நிமிடம்தான் வாரத்தில் அவள் யாருக்கும் பயப்படாத நேரம்.

போன மாதம் பட்டியலின் இரண்டாம் பதிப்புக்குக் கடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நோட்டில் எழுதினாள்: தராசு அண்ணன் கடை, செவ்வாய் காலை முதல் அரவை மட்டும். அதைத் தெளிவாக வேறு தாளில் எழுதும்போது கை நின்றது.

செவ்வாய் என்று எழுதினால் என்ன ஆகும்? அறுபத்து மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சந்தில் நிற்பார்கள். முதல் அரவை யாருக்கு என்று வரிசை வரும். அண்ணன் அலுத்துக்கொள்வார். ஒருநாள் போதுமம்மா ஆளை விடுங்கள் என்று கையை விரித்துவிடுவார். கடையை எழுதாமலே விட்டால்? நல்ல மாவுக்கு ஊரெல்லாம் பறக்கிறார்கள். இவள் கண்டுபிடித்த கடைகளிலேயே சிறந்தது இது. இதை எழுதாத பட்டியல் என்ன பட்டியல். அவர்தான் தினமும் சுத்தமாக வைத்திருக்கிறாரே, நான் போகும்போதெல்லாம் பளிச்சென்றுதானே இருக்கிறது என்று மனது ஒரு வழி சொல்லிக் கொடுத்தது. அவள் போவது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் என்பதை அதே மனது சொல்லவில்லை.

தராசு அண்ணன் கடை, அரவை மாவு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதினாள். செவ்வாய்க்கிழமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

*

சிட்டுவின் அம்மா போனது ஒரு வெள்ளிக்கிழமை. சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊருக்கும் புதிது. கையில் அட்டை போட்ட பட்டியல்.

"இன்ஸ்பெக்டரம்மா வாங்கற மாவு ரெண்டு கிலோ குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எழுதியிருந்ததே.

தராசு அண்ணனுக்கு இன்ஸ்பெக்டரம்மாவின் பெயரைக் கேட்டதில் சந்தோஷம். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவருக்குத் தெரியாது; அந்த அம்மா வாங்கும் தானியமும் அரவைப் பதமும்தான் இவளுக்கும் வேண்டும் என்று நினைத்தார். வந்தவள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல இரண்டு கைப்பிடி ஓட்டித் தள்ளினார். அன்று காலையில் யாரோ ஒருவருக்குப் பத்துக் கிலோ வேர்க்கடலை அரைத்திருந்தார். பித்தளைத் தட்டில் நிறுத்து, மேலே ஒரு பிடி கூடப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

இரவு ரொட்டி சுட்டிருக்கிறாள். சிட்டுவுக்கு ஆறு வயது. இரண்டாவது வாய்க்கே தொண்டையைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த ஊசியைத் தொடையில் போட்டிருக்கிறாள். இரண்டாவது ஊசியும் போட்டிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி கேட்ட அன்று அவள் செய்த முதல் காரியம், நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்ததுதான். செவ்வாய் காலை முதல் அரவை மட்டும். அவள் கையெழுத்து. அதை யாரிடமும் காட்டவில்லை. துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டுத்தான் அழுதாள். முதலில் எது செய்தோம், அடுத்து எது செய்தோம் என்பது பத்து நாளாக அவளை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

முந்தாநாள் கடைப் பக்கம் போனாள். எதற்கென்று தெரியவில்லை. கதவில் சிவப்பு அரக்கு முத்திரை. மாடிப் படியில் தராசு அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோ பார்த்த முகம். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை இல்லையே" என்றாள்.

அவள் படிக்குக் கீழேயே நின்றாள்.

"திங்கக்கிழமை ஆனா போதும், எனக்கு அவரு முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடற வேலை. குனிஞ்சு உக்காந்து ஒண்ணரை மணி நேரம் கழுவுவாரு. வேணாம் விடுங்கன்னா, அந்தம்மா பிள்ளை சாப்பிடணும்பாரு. ஏங்க, நமக்கு வேற பொழப்பு இல்லையாம்பேன்." கொஞ்ச நேரம் சந்தையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு உங்களுக்காகத்தானே கழுவினாரு? ஊருக்காகவா கழுவினாரு?"

"எனக்காகத்தான்" என்றாள் அவள்.

"ம்" என்றாள் அந்த அம்மாள். அவ்வளவுதான். அதை வந்து சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. கேட்பாள் என்று நினைத்து அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்து எழுந்து மேலே போய்விட்டாள்.

*

"டீ போடறேன்" என்று இப்போது கணவன் எழுந்தான். எழுந்தவன் அவளையும் கண்ணால் கூப்பிட்டான்.

சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்காமல் குரலைத் தாழ்த்திப் பேசினான். "என்ன யோசனை உனக்கு?"

"அவரு அப்படிச் சொல்லலைங்க. கடலை அரைக்கிறேன்னுதான் சொன்னாரு."

"தெரியும். நீ ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருக்க."

அவனுக்கு நினைவிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னது. அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டது.

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடச் சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அவரு பொய் சொன்னாருன்னு ஆகலைன்னா, அடுத்த கேள்வி உன்கிட்டதான் வரும். பட்டியல்ல இருக்கறது உன் வார்த்தை. உன்னைக் கொண்டு போய் உக்கார வச்சா பிள்ளைக்கு யாரு சமைக்கிறது? நானா? எனக்கு எந்தக் கடைன்னு தெரியுமா?" தீப்பெட்டியைக் கையில் புரட்டினான். "எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட எனக்குச் சொல்லிக் குடுக்கலையே நீ."

அது உண்மை. அவன் கேட்டதில்லை, அவள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கூட வரட்டுமா என்று மகள் கேட்டபோதும், உனக்கு எதற்கு அலைச்சல் என்றுதான் சொன்னாள். எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொண்டாள். அரிசி இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தாள். கால் டப்பா இருந்தது. பத்து நாளாக அந்த வீட்டில் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும்தான். இரண்டு நாள் முன்பு வழக்கமான கடைக்குப் போனபோது, எட்டு வருடமாகக் கேலி பேசிச் சாமான் கொடுத்த மனிதர் கல்லாவிலிருந்து எழுந்து நின்று, "உங்களுக்கு மட்டும் வேண்டாம்மா, எனக்கும் குடும்பம் இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளிப்படையாவே பேசிடறேன்" என்றார். "எனக்கும் அந்த ஆளைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா அறுபத்து மூணு பிள்ளைங்க இருக்கு. நம்ம பட்டியல் தப்புன்னு நாளைக்கு எழுதிட்டாங்கன்னா, சங்கத்தை மூடிடுவாங்க. இத்தனை வருஷம் நீங்க அலைஞ்ச அலைச்சல் எல்லாம் குப்பைக்குத்தான். உங்க பட்டியலால எத்தனை பிள்ளை நல்லா இருக்குன்னு நினைச்சுப் பாருங்க."

"ஒரு பிள்ளை இல்லையே" என்றாள் அவள்.

சிட்டுவின் அம்மா தலை நிமிர்ந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விடும்போது ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததைக்கூடச் சரிசெய்யாமல் வந்து உட்கார்ந்தவள்.

"அக்கா" என்றாள்.

"சொல்லும்மா."

"அவரு உங்ககிட்ட பொய்தானே சொன்னாரு?"

அவள் பார்வை தாளின் முதல் வரிக்குப் போனது.

"நான் கேட்டிருந்தாலும் அதே பொய்யைத்தானே என்கிட்டயும் சொல்லியிருப்பாரு? கடலை எல்லாம் அரைக்கறது இல்லம்மான்னு?" குரல் சாதாரணமாக இருந்தது. கடையில் விலை கேட்பது போல. "எங்க வீட்டுல எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டியாங்கறாங்க. எங்க மாமியார் கேக்கறாங்க. அவரு கேக்கறதில்ல, ஆனா பாக்கறாரு. இந்தப் பேப்பர் இருந்தா காட்டிடுவேன் அக்கா. கேட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு காட்டிடுவேன்."

அப்போதுதான் அவளுக்குத் தாள் யாருக்காக என்று தெரிந்தது. செயலாளருக்கு அது சங்கத்துக்காக. கணவனுக்கு அவளுக்காக. இந்தப் பெண்ணுக்கு அது தூங்குவதற்காக. கேட்டிருந்தால் தராசு அண்ணன் உண்மையைச் சொல்லியிருப்பார். பொய் சொல்லக் கூடாதும்மா என்று தொடங்கி, சாக்கையும் காட்டியிருப்பார். சிட்டு இந்நேரம் எங்கேயாவது காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதை இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவள் தான்தான். இதைச் சொல்லக் கூடாதவளும் தான்தான்.

போட்டுவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. பேனா கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு கிழவரின் சில வருடங்கள் ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் மீதி வாழ்க்கை ஒரு பக்கம். நிறுத்துப் பார்த்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில்கூடச் சந்தேகம் இல்லை. ஆனால் நிறுப்பது யார்? போன தடவையும் இப்படித்தான் தனியாக உட்கார்ந்து, எது நல்லது என்று அவளே முடிவு செய்து, ஒரு வார்த்தையை விட்டுவிட்டு எழுதினாள். அப்போதும் அது பிறருக்கு நல்லது என்றுதான் தோன்றியது.

எழுந்து உள்ளே போனாள். துணி அலமாரியின் கதவு முனகியது. போர்வைகளுக்கு அடியில் கை விட்டு நோட்டை எடுத்து வந்தாள். பக்கத்தைத் திருப்பி, தாளின்மேல் வைத்தாள்.

"இது என்ன?" என்று செயலாளர் குனிந்து படித்தார். படித்ததும் நிமிர்ந்து அவள் கணவனைப் பார்த்தார். கணவன் எழுந்து வந்து படித்தான். அவனுக்கும் இது தெரியாது.

"இதை யாரும் பாக்கல" என்றார் செயலாளர் மெதுவாக. "நாங்களும் பாக்கல. உள்ள வச்சிடுங்க."

அவள் செயலாளரைப் பார்க்கவில்லை. சிட்டுவின் அம்மா படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அந்தப் பெண் ஒரு விரலை வரியின்மேல் வைத்து, எழுத்துக் கூட்டுகிறவள்போல இரண்டு முறை படித்தாள்.

"செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"என்கிட்ட இருக்கறதுல இது இல்லையே."

"இல்ல. நான் எடுத்துட்டேன்."

"ஏன்?"

உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மகளின் பாதம் ஒன்று தெரிந்தது.

"எல்லாரும் செவ்வாய்க்கிழமை வந்துடுவீங்கன்னு" என்றாள் அவள்.

அந்தப் பெண் அழுவாள், எழுந்து வந்து அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் அந்தப் பெண் நோட்டை மெல்ல நகர்த்திவிட்டு, அடியில் இருந்த தாளை வெளியே இழுத்தாள். கோடு போட்ட இடத்தை அவள் பக்கமாகத் திருப்பினாள். பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இருக்கட்டும் அக்கா" என்றாள். "எனக்கு இதைப் போட்டுக் குடுத்துடுங்க. எங்க வீட்டுல காட்டணும்."

பேனாவின் முள்ளில் ஒரு சொட்டு மை கோத்துக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கினாள். கணவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மூடி எங்கே என்று சுற்றிலும் பார்த்தாள். சோபாவின் காலருகே உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்து, பேனாவை மூடினாள். அதை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நான் போடலம்மா" என்றாள்.